பங்கை விற்கும் முன் அடக்க விலை போடுவது எப்படி

பங்கை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டால் எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள். அடக்கம் எவ்வளவு என்று கேட்டால் போனைத் திறந்து, ஆப்பில் ‘ஆவரேஜ்’ என்று போட்டிருக்கிற எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண் உங்கள் கண்ணுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதை அப்படியே எடுத்து வருமான வரிக் கணக்கில் எழுதக் கூடாது. சில பேர் அதை எழுதிக் கட்ட வேண்டாத வரியைக் கட்டுகிறார்கள். சில பேர் குறைத்துக் கட்டிவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு அலைகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் சாயங்கால வேளையில் அக்கம்பக்கத்தாருக்கு ரிட்டர்ன் தயார் செய்து கொடுப்பதும் உண்டு. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பங்கு புதிதில்லை. திருச்சூர், ஆலுவா பாங்குகளின் பங்குகளைப் பெரியவர்கள் எப்போதோ வாங்கி வைத்திருப்பார்கள். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் மாதாமாதம் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் தவணை முதலீடு) போடுகிறார்கள். இரண்டு தலைமுறைக்கும் ஒரே இடத்தில்தான் சிக்கல்: வாங்கிய தேதியும் விலையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

தேங்காய்க்கு அடக்கம் போடும்போது தோப்பில் பேசிய விலையோடு நிறுத்த மாட்டோம். பறிகூலி, உரிகூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம். பங்குக்கும் அப்படியே. புரோக்கர் அனுப்பும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டை ஒரு தடவை முழுதாகப் படித்துப் பாருங்கள். 400 ரூபாய்க்கு 50 பங்கு வாங்கினீர்கள் என்றால் விலை 20,000. புரோக்கரேஜ் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 10 ரூபாய் 80 காசு. முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், அது 3 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) கட்டணம், செபி (சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) கட்டணம் என்று கீழே சில ரூபாய் இருக்கும். இவை எல்லாம் அடக்கத்தில் சேரும். அதே தாளில் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) என்று 0.1 சதவீதம், 20 ரூபாய் பிடித்திருப்பார்கள். அதை மட்டும் சேர்க்க முடியாது. நீண்ட கால, குறுகிய கால லாபத்துக்கு வரிச் சலுகை இருப்பதே எஸ்.டி.டி. கட்டியதால்தான். அதையே செலவாகவும் கழிக்கச் சட்டம் விடாது. வருடாவருடம் பிடிக்கிற டீமேட் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்க்காதீர்கள். ஆக எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைச் சேர்க்காமலே அடக்கம் 20,073 ரூபாய் 80 காசு.

தொகை சின்னதாகத் தெரியும். பழைய காலத்துப் புரோக்கர்கள் அரை சதவீதம் வாங்கிய நாட்களில் பெரிய தொகைக்கு வாங்கியிருந்தால் அது சின்னதில்லை.

அப்புறம் ஆவரேஜ் விஷயம். டீமேட் கணக்கில் இருக்கும் பங்குகளுக்கு முதலில் வந்தது முதலில் போகும் என்பதுதான் வரிச் சட்டத்தின் விதி. எதை விற்றேன் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சராசரியும் போட முடியாது. ஒருவர் ஒரே கம்பெனியில் இப்படி வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கட்டணங்களை விட்டுவிடுகிறேன்):

ஜூன் 2023: 50 பங்கு, 400 ரூபாய்
ஜனவரி 2024: 30 பங்கு, 520 ரூபாய்
ஆகஸ்ட் 2024: 20 பங்கு, 610 ரூபாய்

டிசம்பர் 2024-ல் 650 ரூபாய்க்கு 60 பங்கை விற்கிறார். சராசரி போட்டால் ஒரு பங்கு 478 ரூபாய், லாபம் 10,320 என்று வரும். அது தப்பு. முதலில் போவது ஜூன் 2023-ன் 50 பங்கு. அதில் லாபம் 12,500. பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டதால் அது நீண்ட கால லாபம். மீதி 10 பங்கு ஜனவரி லாட்டிலிருந்து, அதாவது அந்தத் தடவை வாங்கிய தொகுதியிலிருந்து, போகிறது. அதில் லாபம் 1,300, இன்னும் ஒரு வருடம் ஆகாததால் குறுகிய காலம். மொத்த லாபம் 13,800. அதுவும் இரண்டு வகையாகப் பிரிகிறது. 2024 ஜூலை 23-லிருந்து பட்டியலிட்ட பங்குகளில் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம், நீண்ட கால லாபத்துக்கு வருடத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய் தாண்டிய பகுதிக்கு 12.5 சதவீதம். ஆகவே எந்த லாட் எந்தத் தேதி என்பது விலை அளவுக்கே முக்கியம்.

விற்றபின் கையில் இருக்கும் 40 பங்கின் அடக்கம் 520-ல் இருபது, 610-ல் இருபது. இதையும் அன்றைக்கே நோட்டில் திருத்தி எழுதிவிட வேண்டும். அடுத்த விற்பனைக்கு அதுதான் தொடக்கம். பாலக்காட்டுப் புரோக்கரிடம் ஒரு டீமேட்டும் போன் ஆப்பில் இன்னொரு டீமேட்டும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் கலக்க வேண்டாம். முதலில் வந்தது முதலில் என்பது ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி.

இனி போனஸ் (கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது), வாரிசுக்கு வந்தது. ஆட்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். வடகரப்பதிப் பக்கத்தில் ரிடையரான ஒரு டீச்சரின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். கம்பெனியின் பெயரும் விகிதங்களும் நிஜம். விலைகளையும் தேதிகளையும் சற்று மாற்றி, உருட்டி வைத்திருக்கிறேன்.

டீச்சரின் கணவர் 2012-ல் ஃபெடரல் பாங்க் பங்கு 100 வாங்கினார். விலை 420, மொத்தம் 42,000. 2013 அக்டோபரில் பத்து ரூபாய் முகமதிப்பை இரண்டு ரூபாயாகப் பிரித்தார்கள். 100 பங்கு 500 ஆனது. 2015 ஜூலையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 500 பங்கு 1,000 ஆனது. அவர் காலமான பின் 2021-ல் பங்குகள் டீச்சரின் டீமேட்டுக்கு வந்தன. போன வருடம் 200 ரூபாய்க்கு முழுவதையும் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, ஆப்பில் வாங்கின விலை பூஜ்யம்னு காட்டுது. அப்போ ரெண்டு லட்சமும் லாபமா?”

“இல்லைங்க டீச்சர். சார் கொடுத்த விலைதான் உங்க விலை.”

வாரிசாகவோ உயில் வழியாகவோ சொந்தக்காரர் கொடுத்த அன்பளிப்பாகவோ வந்த பங்குக்கு, முன்பு வைத்திருந்தவர் என்ன கொடுத்தாரோ அதுவே உங்கள் அடக்கம். அவர் வாங்கிய தேதியே உங்கள் தேதியும். உங்கள் டீமேட்டுக்கு மாறிய நாளுக்கும் அன்றைய விலைக்கும் இதில் வேலையே இல்லை. பணம் கொடுத்து வாங்காமல் வேறு டீமேட்டிலிருந்து மாற்றி வந்த பங்குக்குப் புரோக்கரின் ஆப்பிடம் பழைய விலை இருக்காது. அதனால்தான் பூஜ்யம். வருமான வரித் தளத்தில் வரும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் சில நேரம் அப்படியே இருக்கும். அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். திருத்திச் சொல்ல அதிலேயே வசதி இருக்கிறது.

சரி, அடுத்தது ஸ்ப்ளிட். அதில் அடக்கம் மாறாது, பங்கு எண்ணிக்கையால் பிரியும். 42,000-ஐ 500-ஆல் வகுத்தால் 84 ரூபாய். வாங்கிய தேதி 2012 தான். போனஸ் வேறு மாதிரி. போனஸ் பங்குக்கு அடக்கம் பூஜ்யம், தேதி அது ஒதுக்கப்பட்ட நாள். 42,000-ஐ 1,000-ஆல் வகுத்து 42 என்று போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 500 பங்கு 84 ரூபாய், 500 பங்கு பூஜ்யம்.

இத்தோடு நிறுத்தினால் டீச்சரின் லாபம் 1,58,000. ஒன்றேகால் லட்சம் போக 33,000-க்கு 12.5 சதவீதம், 4,125 ரூபாய். மேலே 4 சதவீத செஸ். ஆனால் இன்னொரு விதி இருக்கிறது, பழைய பங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு வரி போடுவதில்லை என்று அரசு ஒப்புக்கொண்டது. 2018-ல் நீண்ட கால லாப வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது செய்த ஏற்பாடு அது.

கணக்கு இரண்டு படி. முதலில், 2018 ஜனவரி 31 அன்று எக்ஸ்சேஞ்சில் அந்தப் பங்கு தொட்ட அதிகபட்ச விலை, நீங்கள் விற்ற விலை, இந்த இரண்டில் குறைவானதை எடுங்கள். பிறகு அதையும் உண்மையான அடக்கத்தையும் வைத்து, அதிகமானதை எடுங்கள். அதுதான் வரிக்கு உங்கள் அடக்கம். அன்றைய அதிகபட்ச விலையை இங்கே 100 ரூபாய் என்று உருட்டி வைக்கிறேன். 100, 200 இரண்டில் குறைவு 100. அது 84-ஐ விட அதிகம், ஆக அடக்கம் 100. போனஸ் பங்குகளும் 2018-க்கு முன்பே வந்தவை, ஆகவே அவற்றுக்கும் 100. பூஜ்யம் இல்லை. 1,000 பங்கின் அடக்கம் ஒரு லட்சம், லாபம் ஒரு லட்சம். ஒன்றேகால் லட்சத்துக்குள் வந்துவிட்டது. டீச்சருக்கு வேறு நீண்ட கால லாபம் இல்லாததால் வரி இல்லை.

போனஸைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். வயதானவர்களின் பணம் இப்படி வீணாகப் போவது எனக்குப் பொறுக்காது. உங்கள் வீட்டில் 2018-க்கு முந்தைய பங்கு இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டி அந்த விலையைத் தேடச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் தளங்களில் பழைய தேதியின் விலைப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கும். 2018-க்குப் பின் ஸ்ப்ளிட் நடந்திருந்தால் அந்த விலையையும் அதே விகிதத்தில் வகுக்க மறக்காதீர்கள். இன்னொன்று, விற்ற விலை அன்றைய விலையை விடக் குறைவு என்றால் இந்த விதியை வைத்து நஷ்டம் காட்ட முடியாது. 90-க்கு விற்றால் அடக்கமும் 90 ஆகும், லாபம் பூஜ்யத்தோடு நிற்கும்.

2018 ஜனவரிக்குப் பிறகு வந்த போனஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. அந்தப் பங்குகளின் அடக்கம் பூஜ்யமேதான், தேதி ஒதுக்கிய நாள்தான். போனஸ் வந்ததும் விலை பாதியாகும், அப்போது பழைய பங்கை விற்று நஷ்டம் காட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ரெக்கார்டு தேதிக்கு (போனஸ் யாருக்கு என்று கம்பெனி முடிவு செய்யும் நாள்) முந்தைய மூன்று மாதத்தில் வாங்கி, பிந்தைய ஒன்பது மாதத்துக்குள் பழையதை மட்டும் விற்றால், அந்த நஷ்டத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கையில் இருக்கும் போனஸ் பங்கின் அடக்கமாக அது மாறிவிடும்.

ரைட்ஸ் (ஏற்கனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி விலைக்குத் தரும் புதுப் பங்கு) சுலபம். கொடுத்த பணமே அடக்கம், ஒதுக்கிய நாளே தேதி. சவுத் இந்தியன் பாங்க் 2024 மார்ச்சில் நான்கு பங்குக்கு ஒன்று என்று 22 ரூபாய்க்குக் கொடுத்தது. 400 பங்கு வைத்திருந்தவர் 2,200 ரூபாய் கட்டி 100 வாங்கியிருந்தால், நோட்டில் அது புது வரி. பழைய 400-ஓடு சேர்த்துச் சராசரி போட வேண்டாம். ரைட்ஸை வாங்காமல் உரிமையை மட்டும் விற்றிருந்தால் அதன் அடக்கம் பூஜ்யம், வந்த தொகை முழுக்கக் குறுகிய கால லாபம்.

கம்பெனி இரண்டாகப் பிரிந்தால் அடக்கமும் பிரியும். எந்த விகிதம் என்று கம்பெனியே அறிவிக்கும். அது சந்தை விலையைப் பார்த்து வருவதில்லை, புத்தக மதிப்பைப் பார்த்து வருவது. 2025 ஜனவரியில் ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பிரிந்தபோது பத்து ஐ.டி.சி. பங்குக்கு ஒரு ஹோட்டல்ஸ் பங்கு வந்தது. அறிவித்த விகிதம் ஐ.டி.சி.க்கு 86.49 சதவீதம், ஹோட்டல்ஸுக்கு 13.51. 100 ஐ.டி.சி. பங்கை 40,000-க்கு வாங்கியிருந்தால் இனி அதன் அடக்கம் 34,596. பத்து ஹோட்டல்ஸ் பங்கின் அடக்கம் 5,404, அதாவது ஒன்று 540 ரூபாய் 40 காசு. பட்டியலானபோது சந்தை விலை இருநூறுக்குள்தான் இருந்தது! சும்மா வந்த பங்கு, அடக்கம் பூஜ்யம் என்று எழுதி விற்றவர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய நஷ்டத்தைக் கைவிட்டு லாபத்துக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஐ.டி.சி.யை விற்கும்போது பழைய 400-ஐ எழுதினாலும் தப்பு, 345 ரூபாய் 96 காசுதான். ஹோட்டல்ஸ் பங்குக்கு வாங்கிய தேதி என்பது ஐ.டி.சி.யை வாங்கிய தேதி.

மியூச்சுவல் ஃபண்டுக்குத் தனியாக அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாத எஸ்.ஐ.பி.யும் ஒரு லாட், முதலில் வந்தது முதலில் போகும். ஃபண்டுகளின் பதிவேடு வைத்திருக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டும் லாபக் கணக்கு அறிக்கையே தருகின்றன, அதை எடுத்துக்கொள்ளலாம். ரெகுலரிலிருந்து (ஏஜென்ட் வழி) டைரக்டுக்கு (நேரடி) மாற்றினால் அது விற்பனைதான் என்பதை மட்டும் கவனியுங்கள். 2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய கடன் ஃபண்டுகளுக்கு எத்தனை வருடம் வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரம்புக்கான விகிதம்தான்.

நிலம் பற்றியும் கேட்பார்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த மனை என்றால் அன்றைய நியாயமான சந்தை மதிப்பை அடக்கமாக வைக்கலாம். ஆனால் அது அன்றைய முத்திரைத்தாள் மதிப்பைத் தாண்டக் கூடாது. நீங்களே வாங்கியது என்றால் ஆதாரம் (கிரயப் பத்திரம்) பதிய ஆன செலவையும் சேருங்கள். கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2, ஆகப் பத்து சதவீதம். அதை விட்டுவிட்டு எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதை விற்றால், இங்கே குடியிருக்கும் தனிநபர்கள் இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கலாம்: அடக்கத்தைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி 20 சதவீதம், உயர்த்தாமல் 12.5 சதவீதம். எதில் வரி குறைவோ அது. குறியீடு 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376.

விலையே கிடைக்காவிட்டால்? தேடும் இடங்கள் உண்டு. டீச்சர் வீட்டில் புரோக்கர் கடையைச் சாத்திப் பல வருடம் ஆகியிருந்தது. கணவரின் பாங்க் பாஸ்புக்கில், புரோக்கர் பெயருக்குப் போன செக் ஒரு வரியில் இருந்தது. தொகை, தேதி இரண்டும் கிடைத்துவிட்டன. அந்தத் தேதியின் எக்ஸ்சேஞ்ச் விலையோடு ஒப்பிட்டோம், பொருந்தியது. காகிதப் பங்குப் பத்திரம் கையில் இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயர் மாறிய தேதியும் ஃபோலியோ எண்ணும் (கம்பெனிப் பதிவேட்டில் பங்குதாரரின் கணக்கு எண்) முத்திரையோடு வரிசையாக இருக்கும். விலை அதில் இராது, ஆனால் தேதி கிடைத்தால் அன்றைய விலையைத் தேடலாம். கம்பெனியின் ரெஜிஸ்ட்ராருக்கு (பங்குதாரர் பதிவேடு வைத்திருக்கும் நிறுவனம்) ஃபோலியோ எண்ணைப் போட்டு எழுதினால் போனஸ், ஸ்ப்ளிட் விவரங்களைக் கேட்டு வாங்கலாம். எதை வைத்து விலை எடுத்தீர்களோ அந்தக் காகிதத்தின் நகலை ரிட்டர்னோடு சேர்த்து வீட்டில் வைத்திருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நோட்டுப் போதும். தேதி, கம்பெனி, எண்ணிக்கை, விலை, எஸ்.டி.டி. நீங்கலான செலவு, எந்த டீமேட், கடைசியில் குறிப்பு. போனஸ், ஸ்ப்ளிட், பிரிவு வந்தால் குறிப்பில் எழுதிக் கீழே புது வரி. எக்செல் தெரிந்தவர்கள் அதில் போடுங்கள். கான்ட்ராக்ட் நோட் மெயிலில் வருவதை ஒரு ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். அதன் பாஸ்வேர்டு பெரும்பாலும் பான் எண்தான், அதை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும்.

நோட்டு கையில் இருந்தால் மார்ச் மாதத்தில் ஒரு வேலை செய்யலாம். அந்த வருடத்தின் நீண்ட கால லாபம் ஒன்றேகால் லட்சத்தை எட்டவில்லை என்றால், ஒரு வருடம் தாண்டிய லாட்டுகளில் மீதி அளவுக்கு லாபம் வருகிற மாதிரி விற்றுவிட்டு, அடுத்த வர்த்தக நாளில் திரும்ப வாங்கலாம். அடக்கம் புது விலைக்கு உயர்ந்துவிடும், வரியும் இல்லை. விற்ற அன்றே வாங்காதீர்கள், அது இன்ட்ராடே (அன்றே வாங்கி விற்கும்) கணக்கில் போய்விடும். திரும்ப வாங்கியதற்குத் தேதியும் புதிது, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு அது குறுகிய காலப் பங்கு. ஆகவே சீக்கிரம் பணம் தேவைப்படும் என்றால் அந்த லாட்டைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நஷ்டத்தில் விற்றது ஏதாவது இருந்தால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடுங்கள், அப்போதுதான் அதை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும் கழிக்கலாம், குறுகிய கால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம்.